உடுக்கையின் ஓட்டத்தில் கிதார்: கொங்குப் பாடகி ஒருவரின் பாப், ராக் இசைத்தொகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடம் வட்டாரத்தைச் சேர்ந்த தனிப்பாடகி ஒருவர் தம் முதல் இசைத்தொகுப்பை உருவாக்கி வெளியிட்ட பதினான்கு மாதங்களை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. அத்தொகுப்பின் ஒலிப்பதிவையும் தயாரிப்பு ஒருங்கிணைப்பையும் நான் கவனித்துக்கொண்டேன். சம்பந்தப்பட்ட அனைவரிடமும் ஒப்புதல் பெற்று, அவர்கள் பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். பாப், ராக் ஆகியவற்றோடு நாட்டார் இசையைச் சேர்க்க முனைவோர் தமிழகத்தில் இன்று பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சேர்க்கை எந்த இடத்தில் பிசகுகிறது, எந்த இடத்தில் கூடிவருகிறது என்பதை வேலை செய்தவர்களே எழுதி வைப்பது அரிதாக இருப்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

பாடகி இருபதுகளின் நடுவில் இருப்பவர். குடும்பத் தொழில் விசைத்தறி. தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், தறி ஓடும்போது ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிப் பழகியே, நெஞ்சிலிருந்து குரலைத் தள்ளிப் பேசுகிறவர்களாக இருப்பார்கள். இவர் பாட்டிலும் அந்த வலு உண்டு. கல்லூரியில் படித்தபோது ராக் குழு ஒன்றில் பாடியிருக்கிறார். அதற்கு முன்பே, சிறுவயதில், தம் அமுச்சியோடு (தாய்வழிப் பாட்டியோடு) கோயில் நோம்பிகளுக்குப் (திருவிழாக்களுக்குப்) போய்க் கும்மியிலும் ஆடியிருக்கிறார். விடிய விடிய நடக்கும் உடுக்கடிக் கதைகளை அமுச்சியின் மடியில் தூங்கியும் விழித்தும் கேட்டிருக்கிறார். இவ்விரண்டையும் ஒரே தொகுப்பில் கொண்டுவர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆர்வத்தோடு சூழ்நிலையும் கூடியிருந்தது. 2024இல் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பிறகு, கும்மி என்றாலே முகம் சுளித்த இளையவர்கள்கூட அதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

கையிலிருந்த பணம் பாடகியின் சேமிப்பும் தந்தை கொடுத்ததும் சேர்த்து 3,20,000 ரூபாய். கிதார் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் கோவையில் வேலை பார்த்துக்கொண்டே வாசிப்பவர்கள். உடுக்கைக் கலைஞர் காங்கேயம் பக்கத்தவர். அறுபது வயதைக் கடந்தவர். பொன்னர், சங்கர் என்ற உடன்பிறந்தாரின் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையைப் பல ஆண்டுகளாகப் பாடி வருபவர். அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர் ஒருவர் எப்போதும் கூடவே வருவார். துடும்பு என்னும் பெரிய தோல்கருவியை அடிக்கும் குழு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும், கும்மி ஆடும் பெண்கள் பாடகியின் ஊரிலிருந்தும் வந்தார்கள்.

முதலில் வகுத்த திட்டம்

எட்டுப் பாடல்கள் என்று முடிவாயிற்று. முதலில் டிரம்ஸ், பேஸ் கிதார், கிதார் ஆகியவற்றைக் கிளிக் ஒலிக்கு (காதில் சீரான இடைவெளியில் ஒலிக்கும் தாளக் குறிக்கு) வாசித்துப் பதிவு செய்வது. அடுத்துப் பாடகியின் குரலைப் பதிவது. இறுதியில் நாட்டார் கலைஞர்களை இரண்டே நாள் வரவழைத்து, முடிந்த பாடலின் மேல் அவர்கள் வாசிப்பைச் சேர்ப்பது என்பதே திட்டம். திட்டத்தை முன்வைத்தவன் நான். செலவு குறைவு, வேலை ஒழுங்காக நடக்கும், கணினியில் வெட்டி ஒட்டுவது எளிது என்ற மூன்று காரணங்களும் அப்போது எனக்குப் போதுமானவையாகத் தோன்றின. உடுக்கையையும் துடும்பையும் பாடலின் மேல் தூவும் பொருளாக நான் நினைத்திருந்தேன் என்பதை இத்திட்டத்தின் வரிசையே காட்டிவிடுகிறது. அப்போது அது எனக்குப் புலப்படவில்லை.

உடுக்கைப் பதிவில் கண்டவை

உடுக்கைக் கலைஞர் வந்த அன்று குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் துணிப்பையிலிருந்து உடுக்கையை எடுத்து விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். உடனே குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார். தோல் தளர்ந்துவிட்டது என்றார். மேசை விளக்கைத் தாழ்த்தி, அதன் சூட்டில் இரு முகங்களையும் மாறி மாறிக் காட்டி, பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டினார். உடுக்கையின் இடுப்பில் கட்டிய கயிற்றை இடது கை இறுக்கும்போது நாதம் மேலேறுவதும், விடும்போது கீழிறங்குவதும், பேசுகிற மனிதனின் தொண்டை போலவே கேட்டன. அந்த ஒலியைப் பக்கத்தில் இருந்து கேட்டது எனக்கு அதுவே முதல்முறை.

ஹெட்ஃபோனை மாட்டி, நிமிடத்துக்கு 96 அடி என்ற கிளிக்கைக் கொடுத்தோம். பதினாறு ஆவர்த்தம் (தாளச் சுற்று) முடிவதற்குள் அவர் கிளிக்கைத் தாண்டிப் போயிருந்தார். மறுபடி தொடங்கினோம்; மறுபடியும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை, கிளிக்கோடு ஒட்டிப்போக அவர் முயன்றபோது வாசிப்பே செத்துப்போயிற்று. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பாடகியைப் பார்த்துச் சொன்னார்: “அந்த டிக்குடிக்குச் சத்தத்துக்குக் கதை எங்க நிக்குதுன்னு தெரியாதுங்க, அம்மணி.”

பாடகி அவரை, விருப்பப்படி ஒருமுறை வாசித்துப் பாடிக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். பதிவை நான் நிறுத்தாமல் வைத்திருந்தேன். அன்றிரவு அளந்து பார்த்தபோது, 92இல் தொடங்கிய ஓட்டம் கதை விரையும் இடத்தில் 108வரை ஏறி, ஓர் அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மறுபடி தணிந்திருந்தது. மறுநாள் அதே பகுதியை வாசிக்கச் செய்து ஒப்பிட்டேன். ஏற்றமும் இறக்கமும் அதே வரிகளில், ஏறத்தாழ அதே அளவில் நிகழ்ந்திருந்தன. லயம் தவறுகிறார் என்று முதல் நாள் நான் மனத்துக்குள் எழுதி வைத்தது பிழை என்பதை அந்த ஒப்பீடு காட்டிற்று. அவருடைய காலக்கணக்கு மிக உறுதியானது. அது கடிகாரத்தில் அல்லாமல் சொற்களில் கட்டப்பட்டிருந்தது.

இதன்பின் திட்டத்தைத் தலைகீழாக மாற்றினோம். உடுக்கை வரும் மூன்று பாடல்களில் உடுக்கையும் பாடகியின் குரலும் ஒரே அறையில், எதிரெதிரே அமர்ந்து, கிளிக் இல்லாமல் முதலில் பதிவாக வேண்டும். மற்ற கருவிகள் அதைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பது முடிவு. ஏற்கெனவே பதிந்திருந்த டிரம்ஸ், கிதார் டிராக்குகளைக் கைவிட்டோம். ஏறக்குறைய 40,000 ரூபாய்ச் செலவு வீணாயிற்று. பாடகி தயங்கவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

இங்கு ஓர் இடைப்பட்ட முயற்சியையும் சொல்ல வேண்டும். கணினியில் ஓட்ட வரைபடம் அமைத்து, உடுக்கை விரையும் இடத்தில் கிளிக்கும் விரையும்படி செய்து, அதை டிரம்ஸ் கலைஞருக்குக் கொடுத்துப் பார்த்தோம். அடிகள் சரியான இடத்தில் விழுந்தனவே தவிர, வாசிப்பில் இறுக்கம் தெரிந்தது. அடுத்த அடி எப்போது வரும் என்று அவர் காத்திருப்பது கேட்டது. கிளிக்கை முற்றிலும் எடுத்துவிட்டு, உடுக்கையையும் குரலையும் மட்டும் காதில் கொடுத்து, ஒரு மாலை முழுதும் வெறுமனே கேட்டுப் பழகிய பின் வாசிக்கச் செய்தபோதே டிரம்ஸ் பாட்டோடு நடந்தது. வரைபடத்தைப் பின்னாளில் பதிவுகளை வெட்டி அடுக்கவே பயன்படுத்தினோம்.

கிதாருக்கு இடம் கண்ட விதம்

பாடகியின் சுருதி, அதாவது அவர் பாட்டுக்கு ஆதாரமான ஒலி உயரம், 5 கட்டை. கிதார் கலைஞருக்கு 3 கட்டையே வசதி. அதுவே கிதாரின் அடித்தந்தி திறந்து ஒலிக்கும் சுரம் என்பதால் கனத்த ராக் ஒலிக்கு அது பொருந்தும். ஒருமுறை பாடகியை 3 கட்டைக்கு இறக்கிப் பாடச் செய்தோம். குரல் அடங்கிப்போயிற்று, தறிக்கூடத்து வலு முழுதும் மறைந்துவிட்டது. ஆகவே 5 கட்டையே நிற்கட்டும், கிதார் திறந்த தந்திகளை விட்டு மேலே ஏறி வாசிக்கட்டும் என்று முடிவு செய்தோம். கிதாரின் கனத்தில் கொஞ்சம் குறைந்தது. குரலின் கனம் அதை ஈடுகட்டியது.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. உடுக்கைப் பாட்டின் மெட்டில் காந்தாரம் (ச, ரி, க என்பதில் ‘க’ சுரம்) ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழிருந்து வழுக்கி ஏறுகிறது, சில வரிகளில் ஏறாமலே திரும்புகிறது. கிதார், பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் மேஜர் கார்டையோ மைனர் கார்டையோ பிடித்த உடனே, காந்தாரம் இன்னதுதான் என்று அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பாடகி வழுக்கும்போது குரல் அபஸ்வரம் போல் கேட்கிறது. ராக் இசைக்காரர்கள் பவர் கார்டு என்று வாசிப்பது ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் (‘ப’ சுரத்தையும்) மட்டுமே கொண்டது. அதில் காந்தாரம் இல்லை. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்த கிதாரில் அது தெளிவாகவும் ஒலிக்கும். உடுக்கைப் பாடல்கள் மூன்றிலும் கிதாரைப் பவர் கார்டுக்குள் நிறுத்திய பின், காந்தாரம் முழுவதும் குரலின் பொறுப்புக்கு வந்தது. பாப் பாணியில் அமைந்த இரண்டு பாடல்களில், மெட்டே நிலையான சுரங்களில் எழுதப்பட்டிருந்ததால், முழுக் கார்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்தினோம்.

பேஸ் கிதாரையும் உடுக்கைப் பாடல்களில் எடுத்துவிட்டோம். உடுக்கையின் கீழ்நாதம் இறங்கும் இடமும் பேஸ் நிற்கும் இடமும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒன்றையொன்று மறைத்தன. பேஸ் கலைஞர் தாமாகவே முன்வந்து இதைச் சொன்னார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

படுகளத்தைப் பாடாமல் விட்டது

அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் வீழ்ந்து கிடக்கும் களத்துக்குத் தங்கை தங்காள் தேடி வரும் ‘படுகளம்’ என்ற பகுதியை, தொகுப்பின் கடைசிப் பாடலாக, கிதார்கள் உச்சத்தில் முழங்கப் பாட வேண்டும் என்பது பாடகியின் நெடுநாள் ஆசை. உடுக்கைக் கலைஞர் மறுத்துவிட்டார். கோபமாக மறுக்கவில்லை. படுகளம் பாடும் இடத்தில் கேட்போர் அருள் வந்து விழுவதும், அவர்களை முறைப்படி எழுப்புவதும் வழக்கமாக இருப்பதை எடுத்துச் சொன்னார். “விழுந்தவங்கள எழுப்பாம விடக்கூடாதுங்க. பாட்ட எங்கியோ ஒருத்தர் கார்ல போட்டுக் கேக்கறாரு. அங்க யாரு எழுப்புவாங்க?” என்பது அவர் கேள்வி.

இக்கதையைக் காங்கேயம் வட்டாரத்தில் 1960களிலேயே மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறார், கதை அச்சிலும் கிடைக்கிறது, ஆகவே சட்டப்படி தடை ஏதும் இருக்காது என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். வாதம் தவறில்லை. இருப்பினும் ஆய்வுக்காக முழுக் கதையையும் பதிவது வேறு, ஒரு சடங்கின் உயிர்நிலையை மட்டும் கொய்து நான்கு நிமிடப் பாட்டாக்குவது வேறு என்று பாடகி கருதினார். அந்தப் பகுதியின் வரிகளையும் மெட்டையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு வராத அண்ணனை எதிர்பார்த்து நிற்கும் ஒரு தங்கையைப் பற்றித் தாமே புதிதாகப் பாட்டெழுதினார். அதற்கு உடுக்கை வாசிக்கக் கலைஞர் மனமுவந்து இசைந்தார். எட்டில் ஒன்று இவ்வாறு மாறியது; இன்னொன்று, படுகளத்துக்கு முன்னோட்டமாக எழுதப்பட்டிருந்தது, பொருளற்றுப் போனதால் கைவிடப்பட்டது. தொகுப்பு ஏழு பாடல்களானது.

கும்மியில் கிளிக் பொருந்தியது

உடுக்கைக்குப் பிறகு நாட்டார் இசை எதற்கும் கிளிக் ஒவ்வாது என்று நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். கும்மி அதைத் திருத்தியது. முதல் முயற்சியில் டிரம்ஸை வழக்கமான நான்கடித் தாளத்தில் வாசித்துவிட்டுப் பெண்களின் கைத்தட்டலை மேலே வைத்தபோது, அது நொண்டி நடப்பது போலக் கேட்டது. கும்மி ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, “நீங்கள் சேர்க்கும் அடி எங்கள் காலில் இல்லை” என்றார். கும்மி ஆடுவது திஸ்ர நடையில். நான்கு பெரிய அடிகள் உண்டு, ஆனால் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். ராக் இசைக்குத் தாயான புளூஸில் ஷஃபிள் என்று வாசிப்பதும், எழுத்தில் பன்னிரண்டின் கீழ் எட்டு என்று குறிப்பதும் ஏறத்தாழ இதே நடைதான். டிரம்ஸ் கலைஞர் ஷஃபிளுக்கு மாறிய கணத்தில் பெண்களின் கால்கள் தாமாக நகர்ந்தன.

எட்டுப் பெண்கள் வட்டமாக ஆடிக்கொண்டே தட்ட, வட்டத்தின் நடுவே ஒரே மைக்கை நிறுத்திப் பதிவு செய்தோம். நின்று தட்டச் சொன்னபோது தட்டல் சிதறியது. ஆடிக்கொண்டு தட்டியபோது எட்டு ஜோடிக் கைகளும் ஒரே ஓசையாக விழுந்தன. கிளிக்கை அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. ஆசிரியர் ஒருவர் மட்டும் காதில் கேட்டுக்கொண்டு முதல் தட்டைத் தந்தார். ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் கிளிக்கோடு அவர்கள் விலகியிருந்தது நம்ப முடியாத அளவுக்குச் சிறிது. சொல்லால் நடக்கும் கதைப்பாட்டுக்கும் காலால் நடக்கும் கும்மிக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவென்று அன்று புரிந்தது.

ஆடிக் காற்றும் துடும்பும்

துடும்பை எங்கள் அறைக்குள் பதிய முடியாது. பெரிய பானை போன்ற உடலும் அகன்ற தோலும் கொண்ட அக்கருவியைப் பலர் சேர்ந்து அடிக்கும்போது சிறிய அறையின் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தள்ளி எல்லாவற்றையும் குழப்பிவிடுகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் களத்தில் திறந்தவெளிப் பதிவு என்று நாள் குறித்தோம். குறித்தது ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதத்தில் எப்படி வீசும் என்பது அங்கே தென்னை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். மைக்குகளுக்குப் போட்ட காற்றுத்தடுப்பு உறைகள் போதவில்லை. மட்டைகள் உரசும் ஓசையும் காற்றின் உறுமலும் துடும்பின் கீழ்நாதத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்தன. ஒரு நாள் முழுதும் வீணாயிற்று. ஆயினும் குழுவினருக்குப் பேசிய சம்பளத்தை அன்றே கொடுத்துவிட்டோம்.

புரட்டாசியில் மறுபடி போனோம். காற்று அடங்கியிருந்தது. குழுவை அரைவட்டமாக நிறுத்தி, இருபதடி தள்ளி இரண்டு மைக், பெரிய துடும்புக்கு அருகே ஒரு மைக் என்று மூன்று மட்டுமே வைத்தோம். அருகே வைத்ததையும் தூரத்தில் வைத்ததையும் சேர்த்தபோது, ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டால் கனம் குறைந்தது. அருகு மைக்கின் பதிவைக் கணினியில் இருபதடித் தொலைவுக்கு உரிய ஏறத்தாழ 18 மில்லிசெகண்ட் பின்னுக்கு நகர்த்திய பிறகு கனம் திரும்பியது. நடுவில் மயில் ஒன்று அகவியது பதிவில் இருக்கிறது. அதை நீக்க வேண்டாம் என்று அனைவரும் சொன்னார்கள்.

குரலை ஒரே நிலையில் வைத்தது

ஏழு பாடல்களில் இரண்டு முழுமையான பாப், ஒன்று கனத்த ராக், மூன்று உடுக்கையோடு, ஒன்று கும்மி ஷஃபிள். இத்தனை விதமாகப் போகும் தொகுப்பு ஒருவருடைய தொகுப்பாகக் கேட்க வேண்டும் என்றால் எதையாவது மாறாமல் வைக்க வேண்டும். பாடகியின் குரலை அவ்வாறு வைத்தோம். ஏழு பாடல்களுக்கும் ஒரே டைனமிக் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், 24 பிட்டில் பதிவு, எதிரொலி மிகக் குறைவு. விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கில் முதலில் பதிந்து பார்த்தபோது, அவர் உரக்கப் பாடும் இடங்களில் குரலின் கூர்மை காதைக் குத்தியது. அறையின் வெளியே ஓடும் தறிகளின் இரைச்சலும் கூடவே வந்தது. டைனமிக் மைக் இரண்டையும் தணித்தது. தறிகள் ஓயும் விடுமுறை நாட்களில் மட்டுமே மென்மையான பகுதிகளைப் பதிந்தோம்.

மிக்ஸிங்கில் நேர்ந்த பிழை

தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கை வெளியூரில் உள்ள அனுபவமிக்க ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வந்த பதிப்பில் ஒலித்தரம் மிகச் சிறப்பாக இருந்தது. ஆனால் உடுக்கைப் பாடல்கள் உயிரற்றிருந்தன. காரணம் தேடியபோது, அவர் உடுக்கையின் அடிகள் அனைத்தையும் சமமான கட்டங்களுக்கு இழுத்துப் பொருத்தியிருந்தது தெரிந்தது. அவர் தரப்பில் அது வழக்கமான துப்புரவு வேலை. அனுப்பும்போது, இந்த மூன்று பாடல்களில் காலத்தைத் தொடக்கூடாது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட அடிகளை மூலப் பதிவோடு ஒப்பிட்டுத் திரும்ப வைக்க ஐந்து இரவுகள் ஆயின.

ஒலியின் உரப்பிலும் ஒரு முடிவு எடுத்தோம். ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைத் தளங்கள் பாடல்களை இயல்பமைப்பில் ஏறத்தாழ −14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்கச் செய்கின்றன. ஆகவே உரப்புக்காக நசுக்குவதில் பயனில்லை. உடுக்கை ஓங்கும் இடம் ஓங்கியும் தணியும் இடம் தணிந்தும் இருக்கட்டும் என்று, வெளியீட்டுக்கு முந்தைய இறுதிச் செப்பமான மாஸ்டரிங்கில் விட்டுவிட்டோம்.

உரிமையும் பங்கும்

நாட்டார் கலைஞர்களுக்கு அன்றாடக் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். பாடகி அதற்கு உடன்படவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுக் கால உரிமை அளிக்கிறது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமையையும், நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடப்படும் உரிமையையும் சேர்த்தது. இரண்டு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். உடுக்கைப் பாடல்களின் நிகர வருவாயில் 15 விழுக்காடு உடுக்கைக் கலைஞருக்கு என்று எழுதினோம்.

ஆனால் பின்பாட்டுக்காரரை அதில் சேர்க்கத் தவறிவிட்டோம். இரண்டு பாடல்களில் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு அவர் மகனோடு வந்தார். மகன், “எங்கப்பா பாடுனதும் இதுல இருக்குதுங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முதன்மைக் கலைஞர் தம் பங்கிலிருந்து கொடுப்பார் என்று நாங்களாகக் கருதிக்கொண்டது நியாயமற்றது. பாடகி தம் பங்கிலிருந்து 6 விழுக்காட்டைப் பின்பாட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்து, பெயர்ப்பட்டியலிலும் சேர்த்த பிறகே வெளியிட்டோம்.

வெளியீடும் பின்னர் நடந்தவையும்

தை மாதத்தில் தொகுப்பு வெளிவந்தது. பதிவேற்றப் படிவத்தில் முதன்மை இசைவகை என்று ஒன்றையே தேர்வு செய்ய வேண்டியிருந்தது. நெடுநேரம் பேசி, தொகுப்புக்குப் பாப் என்றும் துணை வகைக்கு ராக் என்றும் குறித்தோம். நாட்டுப்புறம் என்று குறித்தால் பாடகியின் சொந்த ஆக்கங்கள் மரபுப் பாடல்களாக எண்ணப்படும் என்பது காரணம்.

துடும்பும் கனத்த கிதாரும் சேர்ந்த பாடலையே முன்னோட்டமாக விட்டோம். அது ஒரு வாரம் பேசப்பட்டு அடங்கியது. கும்மிப் பாடல் மெதுவாகத் தொடங்கி நீடித்தது. கும்மிப் பயிற்சிக் குழுக்கள் அதற்கு ஆடத் தொடங்கின. பழகுவோருக்காக ஓட்டம் குறைந்த பதிப்பு வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டு, செய்து கொடுத்தோம். உடுக்கைப் பாடல்களுள் ஒன்று, குரல் நுழையும் முன் ஐம்பது விநாடி உடுக்கை மட்டும் ஒலிப்பது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் வரும் என்பதால் அதைக் குறைக்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. நாங்கள் குறைக்கவில்லை. கேட்கத் தொடங்கியவர்களில் கணிசமானோர் குரல் வருமுன்னே விலகியது புள்ளிவிவரத்தில் தெரிந்தது. தங்கியவர்களோ பெரும்பாலும் முடிவுவரை கேட்டிருந்தார்கள். 2024 முதல் அத்தளத்தில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்புகளைத் தொட்டால் மட்டுமே பணம் உண்டு. ஏழில் நான்கு அந்த எல்லையைத் தாண்டின. உடுக்கைப் பாடல்களில் ஒன்று தாண்டியது.

கோவையில் ஒரு சிறிய அரங்கில் நடந்த முதல் மேடை நிகழ்ச்சியில், டிரம்ஸ் கலைஞருக்கு மேடை ஒலியைக் கேட்கச் செய்யும் மானிட்டரில் உடுக்கை போதிய அளவு கேட்காமல், இரண்டாம் சரணத்தில் பாட்டு உடைந்தது. பாடகி நிறுத்தி, கூட்டத்திடம் சொல்லி, மீண்டும் தொடங்கினார். அடுத்த நிகழ்ச்சி முதல், டிரம்ஸைப் பின்வரிசையிலிருந்து எடுத்து உடுக்கைக் கலைஞரின் கைகள் தெரியும்படி பக்கவாட்டில் வைத்தோம். அதன்பின் அந்த இடம் பிசகவில்லை. ஆண்டு முடிவில் செலவழித்ததில் பாதிகூடத் திரும்பவில்லை. திரும்பியதில் பெரும்பகுதி மேடையிலிருந்து வந்தது. பங்குத் தொகைகள் சிறியவை என்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கோடு கொடுக்கப்பட்டு வருகின்றன.

மாற்றிச் செய்யவிருப்பவை

அடுத்த பதிவில் முதல் நாள் மைக்குகளை மாட்டுவதில்லை. கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பார்கள். எந்தப் பாட்டில் காலத்தை யார் பிடிக்கிறார், மற்றவர் யாரைக் கேட்டு நடக்கிறார் என்பதை அன்றே பாட்டு வாரியாக எழுதுவோம். அந்தத் தாள் மிக்ஸிங் செய்பவருக்கும் பதிவுகளோடு போகும். அது முதலில் இருந்திருந்தால் 40,000 ரூபாயும் ஐந்து இரவுகளும் மிஞ்சியிருக்கும்.

ஒப்பந்தத்தில், பதிவில் குரலோ கையோ கேட்கும் ஒவ்வொருவரின் பெயரும் முதல் நாளிலேயே எழுதப்படும். மேடை ஒத்திகையைப் பதிவுக்கு முன்னரே நடத்துவோம், ஏனெனில் உடுக்கைப் பாடல்கள் மேடையில் பத்துமுறை பாடிய பிறகு அடைந்த நிதானம் பதிவில் இல்லை. இன்று கேட்கும்போது அது எனக்கு வருத்தம் தருகிறது. ஐம்பது விநாடித் தொடக்கத்தைப் பற்றி மட்டும் பாடகியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் அதற்கு இசையவில்லை.

உடுக்கைக் கலைஞர் மாசித் திருவிழாக்களில் பாடி முடித்து ஊர் திரும்பியதும், பங்குனியின் இரண்டாம் வாரத்தில் புதிய இரண்டு பாடல்களுக்காக அமர்வதென்று பேசியிருக்கிறோம். குளிரூட்டி இல்லாத அறையாகப் பார்க்கும்படி அவர் கேட்டிருக்கிறார். பாடகியின் வீட்டில் பழைய பாவு அறையை அதற்காகக் காலி செய்து வருகிறார்கள்.